மழை விட்ட வழி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், முனி, காத்து கருப்பு எதையும் நம்பியவன் இல்லை நான். போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர். பத்தொன்பது வருடமாக இதே சாலைதான். கொண்டை ஊசி வளைவில் வெள்ளைச் சேலையைப் பார்த்தேன் என்று யாராவது ஆரம்பித்தால், சேலைக்கு என்ன கரை என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். சிரிப்பதானால் கடைசி வரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

போன வருடம் ஆடி மாதம். கீழே சிலமலையில் எங்கள் வீட்டு வாசலில் வெயிலும் புழுதிக்காற்றும், மெட்டைத் தாண்டினால் மழை. அது வருடா வருடம் உள்ளதுதான். ஆனால் அந்த வாரம் பெய்தது வேறு மழை. கடல் பக்கமிருந்து மேகம் வந்துகொண்டே இருந்தது, ஓயவே இல்லை. தோட்டத்தில் மழை அளக்கிற குப்பி ஒன்று உண்டு, காலையில் ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதுவார்கள். அன்று மதியத்துக்குள் அது இரண்டு தடவை நிரம்பி வழிந்துவிட்டது. இந்த நோட்டிலேயே இப்படி ஒரு மழை கிடையாது என்றார் சூப்பர்வைசர். பயப்பட வேண்டியவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்மலை முழுக்க நேற்றுவரை இல்லாத அருவிகள். அவ்வளவு அழகு, என்ன சொல்ல.

"வெரசா எறக்கிட்டுப் போயிருப்பா, ரோடு தாங்காது" என்று சூப்பர்வைசர் வேலையை நிறுத்திவிட்டார்.

என் வண்டியில் பதினோரு பெண்கள். எங்களுக்குள் ஒரு பழக்கம், ஆளை எண்ண மாட்டோம், தூக்குவாளியை எண்ணுவோம். மழைக்கு எல்லோரும் பிளாஸ்டிக் தாளைத் தலையோடு போர்த்திக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள், யார் எவர் என்று தெரியாது. சோறு கொண்டுவந்த வாளியை விட்டுவிட்டு யாரும் வரமாட்டார்கள், அதனால் வாளி சரியென்றால் ஆளும் சரி. பதினோரு வாளி இருந்தது. வண்டியை எடுத்தேன்.

போடிமெட்டு டீக்கடையில் இறங்கித் தாளை விலக்கியபோதுதான் முருகாயி அக்கா இல்லை என்று தெரிந்தது. ராசிங்காபுரத்துக்காரர், ஐம்பது வயது, காய் எடுப்பதில் அவர் கை வேகம் அந்த மலையில் வேறு யாருக்கும் கிடையாது. ஓடைக்கரைச் சரிவில் கடைசிச் செடியையும் முடித்துவிட்டு வருகிறேன் என்று பின்தங்கியிருக்கிறார். அவருடைய தங்கை மகள் செல்வி அழ ஆரம்பித்தாள்.

"பெரியம்மா வாளியவும் நாந்தாண்ணே தூக்கியாந்தேன். அது முன்னால ஏறியிருக்கும்னு நெனச்சேன்."

அந்த மழையில் ஓடைக்கரையில் ஒற்றை ஆள். அவளை என்ன சொல்ல, எண்ணியவன் நான்தானே.

பெண்களை டீக்கடையில் விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினேன். தோட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் மண் சரிந்து சாலையை மூடியிருந்தது. மணி இரண்டுதான், ஆனால் மூடுபனியில் விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருந்தது. இறங்கி, ஏலச்செடிக்குள் புகுந்து சரிவில் இறங்கினேன். அக்கா, அக்கா என்று கத்துகிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பத்தடி போயிருப்பேன், மழை நின்றது. நின்றது என்றால் என் மேல் மட்டும். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இரண்டு பக்கமும் கொட்டுகிறது, நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குச் சொட்டுக்கூட இல்லை. நம்பினால் நம்புங்கள், காலடியில் புழுதி. ஒரு வாரமாக வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய மலையில், என் ஈரச் செருப்பில் பங்குனி மாதத்துப் புழுதி அப்பியது. பயம் வரவில்லை என்றால் பொய். ஆனாலும் என் வாழ்நாளில் அதைப்போல ஒன்றை நான் பார்த்ததில்லை, கும்பிடத் தோன்றியது. அந்த வழி வளைந்து வளைந்து போனது, நானும் போனேன்.

ஒரு பாறையோரம் முருகாயி அக்கா நின்றிருந்தார். காலையில் செடி நின்ற இடத்தில் இப்போது ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அவர் நின்ற இடத்தில் மட்டும் மழை இல்லை.

"வந்துட்டியா தம்பி? வழி விட்டிருக்கு, வா போயிருவோம்" என்றார், பஸ்சுக்கு நின்றவர் மாதிரி.

"பயமா இல்லையாக்கா?"

"பயந்தா மட்டும் யாரு வந்து தூக்கிட்டுப் போகப்போறா. இந்தக் காய்ச்சாக்க ஒரு கை பிடி."

அந்த நெஞ்சுரம் எனக்கு இல்லை. சாக்கை வாங்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன், அவர் பின்னால் வந்தார். ஜீப்பில் ஏறியதும் அந்த வழியையும் மழை மூடிக்கொண்டது. மெட்டில் செல்வி பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தோம்.

சாலையைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆனது. திரும்பப் போனபோது சரிவு முழுக்கப் பச்சை, நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் ஏலச்செடிகள் தண்ணீர் காணாதவை போலக் கருகி நின்றன. சாலையிலிருந்து பாறை வரை அதே வளைவுகள். முதலாளி வந்து பார்த்து, வேரில் ஏதோ நோய், மருந்தடியுங்கள் என்றார். அவர் போனதும் நானும் அக்காவும் அந்த வரிசையிலேயே இறங்கிப் பார்த்தோம்.

ஆனால் கருகல் பாறையோடு நிற்கவில்லை. அங்கிருந்து இன்னொரு வரிசை ஓடைப்பக்கம் இறங்கி, கரை உடைந்த இடம் வரை போனது. அங்கே எங்கள் ஆட்களுக்குச் சோலியே கிடையாது.

"இந்த வழி யாருக்கு விட்டதுக்கா?" என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அன்னைக்கு எனக்குப் பின்னால ஒரு பொம்பள வந்தாளே தம்பி. தாள் போத்தியிருந்தா, மொகம் தெரியல. நீ கூட்டியாந்த ஆளு, நீயே ஏத்திக்கிருவேன்னுல்ல நெனச்சேன்."

நான் யாரையும் பார்க்கவில்லை. அக்காவை முன்சீட்டில் ஏற்றியதும், பின்பக்கம் திரும்பியே பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எல்லாம் விசாரித்தாகிவிட்டது, ஓர் ஆளைக் காணோம் என்று எவரும் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு தாளாக விலக்கி முகம் பார்த்துத்தான் கிளம்புகிறேன், பெண்கள் கேலி செய்கிறார்கள். அன்று அவள் ஏறினாளா, இல்லை ஏறக் கால் தூக்கும்போது நான் கிளம்பிவிட்டேனா, அதுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.