பேனரில் தொங்கிய நிபுணர்

"மேற்படி விளம்பரப் பேனர் எனது கவனத்துக்கு வராமலும் எனது ஒப்புதல் இல்லாமலும் வைக்கப்பட்டது" என்று மருத்துவக் கவுன்சிலுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கே பிடித்துப்போன வாக்கியம். வக்கீல் எழுதியிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. பாதிக்கு மேல் பொய் என்பது மட்டும்தான் குறை.

ஆரணியில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கும் வெறும் எம்.பி.பி.எஸ். டாக்டர் நான். சட்டதிட்டம் என்று வந்துவிட்டால் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு. ஊசிக்குத் தனி டப்பா, ரத்தம் பட்ட பஞ்சுக்கு மஞ்சள் பை. கிளினிக் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். ஸ்கேன் மெஷினே இல்லாத இடத்தில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என அறிவிப்பு வைத்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி, "எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காதுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை அன்றைக்கு வந்த நோயாளிகள் எல்லோரிடமும் சொன்னேன். நூற்றிரண்டு ஜுரத்தோடு வந்தவர்கூடத் தப்பவில்லை.

இப்பேர்ப்பட்ட உத்தமியின் முகம்தான் பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் ஆள் உயரத்துக்குத் தொங்கியது.

வைத்தவர் ஒரு ஜரிகைக் கடைக்காரர். அவருடைய சர்க்கரை கட்டுக்குள் வந்த சந்தோஷம். பாதி என் மாத்திரையாலும் மீதி அவர் மனைவி சமையலறையைப் பூட்டியதாலும் வந்தது அது. எங்கள் ஊரில் காதுகுத்தானாலும் கண்ணீர் அஞ்சலியானாலும் அந்தத் திருப்பத்தில்தான் பேனர் வைப்பார்கள். ஆட்டோவில் அந்தப் பக்கம் போன என் அம்மா, என் முகத்தைப் பார்த்த உடனே கீழே மறைவு தேதி இருக்கிறதா என்றுதான் தேடினாராம். கடைக்காரர் வீட்டுக் கல்யாண ரிசப்ஷனில் எடுத்த படம். கண் பாதி மூடியிருந்தது. தோளில் யாருடையதோ ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது. மேலே 'கைராசி மருத்துவர்'. பெயருக்குப் பின்னால் எம்.டி. அதற்கும் கீழே 'சர்க்கரை நோய் சிறப்பு நிபுணர்'.

போன் செய்தேன். "ஐயா, நான் எம்.டி. படிக்கலைங்க. நிபுணரும் இல்லைங்க."

"இன்னா மேடம், உங்களுக்குத் தெரியாததா? கீழ கொஞ்சம் இடம் காலியா இருந்துச்சு, போடச் சொன்னேன். ஜனங்க நின்னு பார்த்துகினு போறாங்க."

"டாக்டருங்க விளம்பரம் பண்ணக் கூடாதுங்க. எடுத்துடுங்க."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அவசரம் ஒண்ணுமில்ல, நேரம் கிடைக்கும்போது எடுங்க" என்று என் வாய் தானாகச் சேர்த்துக்கொண்டது. அடுத்த சில நாட்கள் அந்தத் திருப்பத்தில் மட்டும் என் ஸ்கூட்டர் மெதுவாகப் போனது. போக்குவரத்து நெரிசல் என்று வீட்டில் சொன்னேன். மதியம் இரண்டு மணிக்கு ஆரணியில் என்ன நெரிசல் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு யாரோ புகார் அனுப்ப, கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. அன்றே பேனரை இறக்க வைத்தேன். மறுநாள் கிளினிக்கில் உட்கார்ந்து அந்த அருமையான வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் முள்ளிப்பட்டிலிருந்து ஒரு நெசவாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வலது காலைத் துணியால் சுற்றியிருந்தார். பிரித்துப் பார்த்தேன். இரண்டாவது விரல் நுனி கறுத்திருந்தது. வலிக்கிறதா என்றேன். இல்லவே இல்லை என்றார். சர்க்கரைக்காரர் காலில் புண் வலிக்கவில்லை என்றால் நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலூருக்குப் போகச் சொல்லிச் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். கொடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"ஏங்க போகல?"

"போலாம்னுதாம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். உங்க பேனரைப் பார்த்தேன். இங்கியே நிபுணர் இருக்கசொல்ல வேலூருக்கு இன்னாத்துக்கு அலையணும்னு வூட்டுக்குத் திரும்பிட்டேன். தறியில ஒரு பொடவை ஓடிகினு இருந்துச்சு. அதை முடிச்சு அறுத்துட்டு வந்து காட்டிக்கலாம்னு உட்டுட்டேன்."

"நான் நிபுணர் இல்லைங்க."

சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். "பேனர்ல போட்டிருக்குதேம்மா?"

அந்தக் கேள்விக்குக் கவுன்சிலுக்கு எழுதிய பதிலைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "தப்பாப் போட்டுட்டாங்க, நானும் பார்த்துகினு சும்மா இருந்துட்டேன்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காலைக் காட்டி, "மிதி போட முடியும் இல்லம்மா?" என்று மட்டும் கேட்டார். தறிக்குழிக்குள் காலை விட்டு மிதித்தால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும். எனக்குத் தெரியாது என்றேன். படித்து முடித்த நாளிலிருந்து ஒரு நோயாளியிடம் அதை அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. வேலூரில் தெரிந்த சர்ஜனுக்குப் போன் போட்டு, கார் பிடித்து, கூட வந்திருந்த அவர் மகனோடு அப்போதே அனுப்பினேன்.

அன்று மாலை விளக்கத்தைக் கிழித்துப் போட்டு வேறு எழுதினேன். பேனரைப் பார்த்தேன், உடனே இறக்க வைக்கவில்லை, பார்க்க நன்றாக இருந்தது என்று எழுதினேன். கடைசியில் சொன்னதைக் கவுன்சில் எப்படி எடுத்துக்கொண்டதோ, எச்சரிக்கையோடு விட்டார்கள். நெசவாளரின் விரலை வேலூரில் எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. சரியான நாளில் போயிருந்தால் விரலும் தப்பியிருக்குமா என்று சர்ஜனிடம் கேட்டேன். இருக்கலாம் என்றார். அந்த 'இருக்கலாம்' இன்னும் என்னை விடவில்லை.

புண் ஆறி நெசவாளர் என்னைப் பார்க்க வந்தார். மிதி போட ஆரம்பித்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கும் பழைய கம்பீரம் திரும்பிவிட்டது. இனிமேல் வெறுங்காலோடு ஓரடிகூட வைக்கக் கூடாது, சின்னக் கல் குத்தினாலும் உங்களுக்குத் தெரியாது என்று விரிவாக வகுப்பெடுத்தேன். பொறுமையாகத் தலையாட்டினார். எழுந்து நின்றபோதுதான் பார்த்தேன். வெறுங்கால்.

"இப்பத்தானே சொன்னேன்! செருப்பு எங்கங்க?"

"வெளிய உட்டுட்டு வந்தேம்மா. வாசல்ல போர்டு போட்டிருக்குதே?"

போட்டிருக்கிறது. 'காலணிகளை வெளியே விடவும்.' எந்தச் சட்டமும் கேட்காத போர்டு. தரை பளபளவென்று இருக்க வேண்டும் என்று நானே காசு கொடுத்து எழுதி மாட்டியது. பத்து வருடமாகச் சர்க்கரைக்காரர்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டு வெறுங்காலோடுதான் என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவரை உட்காரச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் அவர் செருப்பை எடுத்துவந்தேன். "ஐயோ, இன்னாம்மா நீங்க போய்" என்று பதறி எழுந்தார். காலடியில் வைத்துவிட்டு, போர்டைக் கழற்ற ஸ்டூலைத் தேடினேன்.