ஒரு ரிங் வந்தால் சேர்ந்தாயிற்று

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.40. தென்காசியில் சாரல், வெயில் துளியும் இல்லை. என் செல்போன் ஒரு முறை ஒலித்து நின்றது. மனைவியின் எண். இலஞ்சியில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் பஸ்ஸில் போயிருந்தாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வெளியே போனவர் போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் விட்டு அணைத்துவிட வேண்டும். இந்தப் பக்கம் எடுக்கக் கூடாது. பேசினால் காசு போன காலத்தில் நான் வைத்த விதி. இப்போது பேச்சுக்குத் தனிக் காசு இல்லை. விதியை மட்டும் மாற்றவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"யாரு அண்ணாச்சி போனுல?"

"வீட்டுலதான். இலஞ்சி போயாச்சாம்."

"பேசவே இல்லியே!"

"ஒரு ரிங் வந்தா போயாச்சின்னு கணக்கு."

"நல்லாருக்கு! பொண்டாட்டி கொரல கேக்கதுக்குமா கஞ்சத்தனம்?"

நானும் சிரித்தேன்.

முப்பத்தொரு வருடம் கல்லூரியில் அளவையியல் நடத்தியவன் நான். 'சேர்ந்தால் ரிங் வரும், ரிங் வந்தது, ஆகவே சேர்ந்தாள்' என்பது செல்லாத அனுமானம். ரிங் வேறு காரணத்தாலும் வரலாம். இதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன். ஆனால் உறுதியாகத் தெரியாத இடத்தில், மாறான செய்தி வராத வரை, வழக்கமாக நடப்பதையே நம்பலாம் என்றும் ஒரு விதி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டேன். மாறான செய்தியோ கையிலேயே இருந்தது. அவள் பஸ் ஏறி அரை மணிதான் ஆகியிருந்தது. சீசன் ஞாயிறு, வழியெல்லாம் குற்றாலம் போகும் கார்கள். அதற்குள் வீடு வரை போயிருக்க முடியாது. அதை நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

12.25-க்குக் கொழுந்தியாள் கூப்பிட்டாள். "அத்தான், அக்கா இன்னும் பொறப்படலியா? இங்கன சோறு ஆறுது."

பஸ் நிறுத்தத்திலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போகும் தென்னந்தோப்புப் பாதையில் என் மனைவி கிடந்தாள். மழைக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமில்லை. செல்போன் வாய்க்கால் தண்ணீருக்குள் கிடந்தது. மூளையில் இரத்தக் கசிவு. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். எத்தனை சதவீதம் என்று கேட்டேன். அவள் கண் திறக்காமலே ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

விழும்போது விரல் பட்டு ரிங் போயிருக்கும் என்கிறாள் கொழுந்தியாள். எனக்காகச் சொல்கிறாள். வீட்டுக்குள் நுழைவதற்கு முன் என் மனைவி ஒரு நாளும் ரிங் விட்டதில்லை. என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நான் திருப்பி அழைத்திருந்தால் தண்ணீரில் கிடந்த போன் ஒலித்திருக்காது. ஒலிக்காததே எனக்குச் செய்தியாக இருந்திருக்கும்.

ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, காரியச் செலவு எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துப் பதினேழாயிரத்து நானூற்றைம்பது ரூபாய்.