அடித்தட்டில் பூட்டிய கொலை வழக்கு

கேரள எல்லையில் வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு வாயனசாலையில் நூலகராக இருந்தபோது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வருகிறவர்களைக் கேட்லாக் பார்க்க விடமாட்டேன். நானே ஒரு புத்தகத்தைக் கையில் திணிப்பேன். எழுபதுகளில் எங்களிடம் தமிழுக்கு இருந்தது ஒரே அலமாரி. அதில் எனக்குப் பிடித்தது, நூறு வருஷத்துக்கு முந்தைய கொலை வழக்குகளைக் கோர்ட்டுக் காகிதங்களிலிருந்து எடுத்து எழுதிய ஒரு பழைய புத்தகம்.

மாட்டுச் சந்தைக்கு வந்த ராமசாமியண்ணனிடமும் அதைத்தான் நீட்டினேன். அவர் பக்கத்து ஊரில் நிலக்கடலை போடுகிற விவசாயி.

"படிச்சுப் பாருங்கண்ணா, கீழ வெக்க மாட்டீங்க. மூணாவது கேஸு நம்ம பக்கத்துல நடந்ததுங்க. கெணத்தடியில தம்பிய அண்ணனே வெட்டிப்போடறான்."

இஷ்யூ ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனார். டியூ டேட்டுக்கு முன்பே திரும்பி வந்தவர், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"ஏனுங்க, இதுல போட்டிருக்கறதெல்லாம் நெசமுங்களா?"

"கோர்ட்டு ரெக்கார்டுங்கண்ணா, அத்தனையும் நெசம்" என்றேன் பெருமையாக.

"அந்த வெட்டுப்பட்ட தம்பிதானுங்க எங்க குலதெய்வம்."

தண்ணீர் இறைக்கப் போனவரைத் திருடர்கள் வெட்டினார்கள், அவரே சாமியாகி நின்று காக்கிறார் என்றுதான் அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். புத்தகத்திலோ ஊர், கிணறு, பேர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. தண்ணீர் முறைச் சண்டையில் வெட்டியது அண்ணன். ராமசாமியண்ணன் அந்த அண்ணனின் வம்சம்.

"அடுத்த வாரம் கோயில் பொங்கலுங்க. மூத்த வழின்னு மொதல் திருநீறு எனக்குத்தான் தருவாங்க. இத்தன வருசமா நாங்க கும்பிட்டது பக்தியிலயா பயத்துலயான்னே தெரியலீங்க. நான் கை நீட்டறதா, வேண்டாமா?"

நான் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"இத இனி ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதீங்க" என்று கெஞ்சினார். ஸ்டாக்கில் உள்ள புத்தகத்தை ஒளிப்பது தப்பு. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன்.

அந்தப் பொங்கலுக்குப் போகாமல் இருக்க என்னால் முடியவில்லை. பூசாரி திருநீற்றுத் தட்டோடு "மூத்த வழி வாங்க" என்று கூப்பிட்டார். கடைசி வரிசையில் நின்ற ராமசாமியண்ணன் நகரவில்லை. பூசாரி மறுபடியும் கூப்பிட்டார்.

"எல்லார்த்துக்கும் குடுத்துப்போட்டு வாங்க, நான் நிக்கறனுங்க."

கூட்டம் புரியாமல் திரும்பிப் பார்த்தது. ஒரு மனுஷனின் சாமியையே பிடுங்கிவிட்டேனோ என்று பயந்தேன்.

அடுத்த சந்தை நாளில் அவருடைய பங்காளிகள் நான்கு பேர் வாயனசாலைக்குள் நுழைந்தார்கள். அடி விழப்போகிறது என்றே நினைத்தேன்.

"அந்தக் கொலைக் கேஸு புஸ்தகம் வேணுமுங்க" என்றார் பெரியவர்.

"அப்பிடி ஒண்ணு இல்லீங்களே" என்று புளுகினேன்.

"அடித்தட்டுல இருக்குதாமுங்க. பூட்டச் சொன்னதே ராமசாமிதானாமா. 'பயந்துட்டு அப்பிடிச் சொல்லிப்போட்டேன், எல்லாரும் படிச்சுப்போட்டு வந்து கும்பிடுங்க'ன்னு அவந்தான் எங்கள அனுப்பிச்சான்."

சாவியைத் தேடி எடுக்க எனக்கு வெகுநேரம் ஆனது. புத்தகம் வீடு வீடாகச் சுற்றி, பல மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தது. அதை நான் அவரிடம் நீட்டியது சரியா என்று இன்றும் குழம்புகிறேன்.

புதிதாக வேலைக்கு வருகிற நூலகர்களுக்கு ஒன்று சொல்வேன். பழைய கொலை வழக்கைச் சிபாரிசு செய்வதற்கு முன்னால், வாசகரின் குலதெய்வம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரிட்டயர் ஆகும்வரை நான் கேட்டேன். பதில் எதுவானாலும் புத்தகத்தைக் கொடுத்துத்தான் அனுப்பினேன்.