பியாட்றிஸ் ரீச்சர் எடுத்த புளியமரக் குத்தகை

வட்டுக்கோட்டையில் பியாட்றிஸ் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி தபால் கந்தோரில் வேலை பார்த்தாள். மற்றவள் தையல் ரீச்சர். "கொக்கு ரீச்சர்" என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சொன்னது இவளைத்தான். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில் எல்லோரையும் போல மழைக்குள் நடந்து வந்து, கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நியூமோனியாவில் இறந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். மருந்து கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாள். அந்தச் சாவைப் பற்றி அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. அவளுடைய மனம் விட்டுப்போனது அதற்கு நாலு வருடம் முன்னர். எழுதவேண்டியது அதைத்தான்.

நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுடைய தாய் படுக்கையில் கிடந்த காலத்தில் கழுவித் துடைத்துப் பார்த்தது நான்தான். அப்படி வந்த பழக்கம். பியாட்றிஸ் கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவள் சொன்னதும் இல்லை. அந்த நாட்களில் அவளுக்குத் தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை. காலையும் மாலையும் அராலித்துறையில் வள்ளத்துக்குக் காத்து நிற்கவேண்டும். அங்கே நின்று பார்க்க என்ன இருக்கிறது? கடலும் பறவைகளும்தான். மற்றவர்கள் வள்ளம் வருகிறதா என்று பார்த்தார்கள், இவள் பறவைகளைப் பார்த்தாள். அவ்வளவுதான் தொடக்கம்.

எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் ஒரு பெரிய புளியமரம் நின்றது. கனகசபாபதி என்ற, புகையிலை பயிரிடுகிற கமக்காரரின் காணி அது. மார்கழியில் வக்காவும் வெள்ளைக்கொக்கும் நீர்க்காகமும் வந்து அதில் கூடு வைக்கும். மாசியில் குஞ்சுகள் கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தும். புளி பழுப்பதும் அதே மாசியில்தான். மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்களின் ஆட்கள் ஏறி, கொப்பை உலுக்கி, கொக்கத்தடியால் அடித்துப் பழத்தை விழுத்துவார்கள். பழத்தோடு குஞ்சுகளும் விழும். நாய்கள் அந்த நாட்களில் மரத்தடியை விட்டு அசையாது.

எண்பத்துநாலு தைப்பொங்கலுக்கு முன் பியாட்றிஸ் கனகசபாபதியிடம் போய், மரத்தைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டாள்.

"பழம் பிடுங்க ஆள் இருக்கோ, ரீச்சர்?"

"பழம் வேண்டாம். குஞ்சு பறக்குமட்டும் ஒருத்தரும் ஏறப்படாது. அதுக்குப் பிறகு விழுகிற பழத்தை ஊர்ச்சனம் பொறுக்கட்டும்."

"பழம் வேண்டாம், மரம் வேணும். ரீச்சர், உங்களைப் புளியமரத்துப் பேய் கீய் பிடிச்சிட்டுதோ?"

"பேய் இருந்தா நல்லதுதானே அண்ணை. ஒருத்தரும் ஏறமாட்டினம்."

அவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். ஆனால் குத்தகைக் காசு காசுதான். ஒரு தையல் ரீச்சரின் சம்பளத்தில் அது அடங்காது. அப்படித்தான் பறவை நடை தொடங்கியது.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விடிய வெளிக்கிட்டு, குளத்தில் இருந்து வயல் வழியாகக் கடற்கரை வரைக்கும் நடப்பது. நடக்கிறவர்கள் முன்கூட்டியே சொந்தக்காரரிடமும் கடைக்காரரிடமும் போய், "நாங்கள் காணுகிற ஒவ்வொரு பறவை இனத்துக்கும் என்ன தருவியள்?" என்று வாக்கு வாங்கிவர வேண்டும். காசு இல்லாதவர்கள் தேங்காயோ வெங்காயப் பிடியோ தருவார்கள். பின்னேரம் பள்ளிக்கூட வளவில் அவற்றை ஏலம் போடுவோம். சேர்ந்தது எல்லாம் புளியமரக் குத்தகைக்கு. முதல் வருடம் பியாட்றிஸுக்குப் பின்னால் அவளிடம் படித்த சில பெட்டைகள் மட்டும் நடந்தார்கள். பிறகு பிறகு கோயிலடிச் சனம், தேவாலயத்துச் சனம், கடலோரத்து ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். வேறு சந்தோஷம் குறைந்துபோன காலம் அது.

கடலோரத்து யாகப்பு தன் இரண்டு மகள்மாரையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு முறையும் வருவான். அவன் வந்தால் நடை கலகலக்கும்.

"ரீச்சர், என்ரை சேவல் வேலியிலை நிக்குது. அதையும் ஒரு இனமாச் சேருங்கோ."

"அது பறக்குமோ, யாகப்பு?"

"மனிசி கத்தியோடை வந்தாப் பறக்கும்."

பியாட்றிஸ் சிரித்தால் தோள் மட்டும்தான் குலுங்கும், சத்தம் வராது. அந்த வருடங்களில் அவளுடைய தோள் அடிக்கடி குலுங்கியது. சண்டை நடந்த ஒரு வருடம் நடை நின்றது. மற்ற வருடங்களில் நடந்தது. மரமும் கூடுகளால் நிறைந்தது.

தொண்ணூறு ஆனியில் மறுபடி சண்டை தொடங்கியது. ரயில் நின்றது, மண்ணெண்ணெய் நின்றது, தீவுக்கு வள்ளமும் நின்றது. பியாட்றிஸை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே படிப்பிக்கச் சொன்னார்கள். பொம்பர் வரும் நாட்களில் பிள்ளைகள் மேசைக்குக் கீழே படுத்தார்கள். குண்டுக்கு மேசை என்ன செய்யும்?

தொண்ணூற்றொரு தையிலும் நடை நடந்தது. சனம் கையில் இருந்ததைத் தந்தது. அன்று பின்னேரம் ஏலம் முடிந்ததும் யாகப்பு எழுந்து நின்றான். பகிடி விடப்போகிறான் என்று சிலர் முன்கூட்டியே சிரித்தார்கள்.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ. குஞ்சுகளுக்கு ஒரு மரம் இருக்கு. எங்கடை பிள்ளையளுக்குக் குண்டு விழேக்கை ஒளிக்க ஒரு பங்கரும் இல்லை. பனங்குத்தி விக்கிற விலையிலை நாங்கள் வாங்கேலாது. இந்தமுறைக் காசை அதுக்குத் தருவியளோ?"

பியாட்றிஸ் என்னைப் பார்த்தாள்.

"குடு," என்றேன். நான் ஆஸ்பத்திரியில் என்ன பார்த்தேன் என்பது எனக்குத் தெரியும். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

அவள் குடுத்தாள். பள்ளிக்கூட வளவில் பங்கர் வெட்டி, பனங்குத்தி அடுக்கி, மண்மூட்டை போட்டார்கள்.

இனிக் குத்தகை. எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருந்தது. மரத்தைப் பிடித்திருந்தவர் தன் வாயால் "விட்டிட்டன்" என்று சொல்லாமல், சொந்தக்காரர் அதை வேறு ஆளுக்குக் கொடுக்கமாட்டார். எழுத்து ஒன்றும் கிடையாது. அந்த ஒரு சொல்தான். சொல்லாமல் இருந்தால் அந்தப் பருவம் அப்படியே போய்விடும். காசு தராமலே மரத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். ஆனால் மானமுள்ளவர்கள் அப்படிச் செய்வதில்லை.

கனகசபாபதி பியாட்றிஸ் வீட்டுக் கேற்றடிக்கு வந்தார். அவருடைய புகையிலையைத் தெற்குக்கு ஏற்ற வழியில்லை. தீவில் இருந்து ஓடிவந்த சொந்தங்கள் புகையிலைக் கொட்டிலுக்குள் இருந்தார்கள். புளி விலை ஏறியிருந்தது.

"என்ன ரீச்சர், இந்தமுறை எப்பிடி?"

"பொறுங்கோ அண்ணை, பாப்பம்."

அடுத்த நாளும் வந்தார். அதே பதில். தன் தையல் மெஷினைத் தருவதாகச் சொன்னாள். "உந்த மெஷினை வாங்கி நான் அடுப்பிலை வைக்கிறதோ?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்கு வெட்கப்பட்டுத் திரும்பிப் போனார். பிறகு அவர் கேற்றடியில் வந்து நிற்பார், ஒன்றும் கேட்கமாட்டார். இவள் உள்ளே மெஷினை மிதித்துக்கொண்டிருப்பாள், தைக்கத் துணி இல்லாமல்.

நான் போய்க் கேட்டேன்.

"ஏன் அந்த மனிசனை இழுத்தடிக்கிறாய்?"

"குஞ்சு பறக்க இன்னும் மூண்டு கிழமைதான் அக்கா. நான் வாயைத் திறக்காமல் இருந்தாப் போதும்."

"கொட்டிலுக்குள்ளை ஒரு கைக்குழந்தை இருக்கு. வயித்தாலை போய்த் தோலும் எலும்புமாக் கிடக்கு. தாய்க்குப் பால் இல்லை, வாங்கக் காசு இல்லை. நேத்தும் நான்தான் போய்ப் பாத்தனான். அதுக்கு மூண்டு கிழமை இருக்கோ எண்டு எனக்குத் தெரியாது."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்தாள். சீலையைச் சரிசெய்தாள். குடையை எடுத்துக்கொண்டு கனகசபாபதி வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். அவர் முற்றத்தில் புகையிலைத் தடிகளை அடுக்கிக்கொண்டு நின்றார்.

"விட்டிட்டன் அண்ணை," என்றாள்.

அவர் கையில் இருந்த தடியைக் கீழே போட்டார். "குளத்துப் பக்கக் கொப்பைக் கடைசியாப் பிடுங்கச் சொல்லுறன் ரீச்சர். என்னாலை ஏலுமானது அதுதான்," என்றார். அப்படியே சொல்லியும் வைத்தார். ஆனால் பழம் வாங்க வந்தவர்கள் லொறிக்கு டீசல் இல்லை என்று ஒரே நாளில் முடிக்க நின்றார்கள்.

பிடுங்குகிற செய்தி கேட்டதும், வருடா வருடம் எங்களோடு பறவை நடை நடந்த சனம் வந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. பெண்கள் பழைய சீலைகள் கொண்டுவந்தார்கள். யாகப்பு வலையோடு வந்தான். மரத்தடியில் சீலைகளை நாலு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேலே கொப்புக் குலுங்க, பழமும் சுள்ளியும் குஞ்சுமாகச் சீலையில் விழுந்தது. தாய்ப்பறவைகள் குளத்துக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றின. சாகாமல் விழுந்த குஞ்சுகளைப் பார்த்துச் சனம் சந்தோஷப்பட்டது. "ரீச்சர், இது உயிரோடை! ரீச்சர், இதுவும்!"

அவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. சீலையில் பிடித்த குஞ்சுக்கு யார் தீன் கொடுப்பது?

கடகங்களில் வைக்கோல் போட்டு அவள் வீட்டு விறாந்தையில் வைத்தார்கள். நீர்க்காகக் குஞ்சும் வக்காக் குஞ்சும் மீன்தான் தின்னும். கடலுக்குப் போகத் தடை. யாகப்பு கரையோரம் கால் நனைத்துப் பிடித்த கொஞ்சத்தை, தன் வீட்டுச் சட்டிக்குப் போகவேண்டியதைக் கொண்டுவந்தான். மனிதருக்கே காணாது. பியாட்றிஸ் தவளை பிடித்தாள், புழு கிண்டினாள். சோற்றைப் பிசைந்து வாய்க்குள் வைத்தாள், அவை கக்கின. விறாந்தை நாறியது. நான் கழுவிவிட்டேன்.

ஒரு பின்னேரம் அவள் கேட்டாள், "இவை தப்புமோ அக்கா?"

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்ட கேள்வி. நான் பொய் சொல்லிப் பழகவில்லை. "தப்பாது. இனித் தீன் தீத்தாதை. அதுகளுக்கு நோகும்," என்றேன்.

அவள் கடகத்துக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். கடைசிக் குஞ்சு சாகும்வரை அங்கேயே இருந்தாள். வேலிக்கரையில் கிடங்கு வெட்டிப் புதைத்தது நான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

அந்தக் குழந்தை தேறியது. பங்கருக்குள் பிள்ளைகள் அடிக்கடி இறங்கினார்கள். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. சனம் அதை "ரீச்சரின்ரை பங்கர்" என்றது. யாராவது அப்படிச் சொன்னால் அவள் தலையாட்டுவாள். கடற்கரைப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். அந்த மார்கழியில் சில வக்காக்கள் வந்து மரத்தில் இருந்து பார்த்துவிட்டுப் போயின. கூடு வைக்கவில்லை.

தை பிறக்க முன் கனகசபாபதி வந்தார். புகையிலை அப்போதும் விற்கவில்லை, ஆனால் அவருடைய மகன் கனடாவில் இருந்து ஏதோ அனுப்பியிருந்தான். இந்தமுறை கேற்றடியில் நிற்காமல் உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.

"ரீச்சர், மரத்தை எடுங்கோ. காசு வேண்டாம். இனி எப்பவும் வேண்டாம்."

பியாட்றிஸ் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கடிக்கப் பனங்கட்டித் துண்டும் வைத்தாள்.

"வெறும் மரத்தை நான் என்ன செய்யிறது அண்ணை? பழத்தைப் பிடுங்குங்கோ. கொட்டிலிலை பிள்ளையள் இருக்கினம்."

அவர் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. எழுந்து போனார். மாசியில் ஆட்கள் ஏறிப் பிடுங்கினார்கள். மரத்தடியில் சீலை பிடிக்க ஒருவரும் போகவில்லை, தேவை இருக்கவில்லை. அவர் ஒரு பனையோலைப் பெட்டி நிறையப் புளி அனுப்பியிருந்தார். பியாட்றிஸ் அதைத் திறந்து பார்க்கவில்லை. பூச்சி பிடிக்கப்போகிறது என்று நான் எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரிக் குசினியில் கொடுத்தேன்.