சினை நண்டும் ஒரு குடம் நல்ல தண்ணீரும்

முதன்முதலாக நண்டைத் தொட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். விலங்கியல் படிக்கிற பெண் இப்படிச் செய்தால் வகுப்பு சும்மா விடுமா? அந்த வருஷம் முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தி கண்ணை மூடிக் காட்டுவாள்.

நாங்கள் ஸ்ரீவைகுண்டத்துச் சைவக் குடும்பம். அப்பாவுக்குப் புதுத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்ததால் தூத்துக்குடிக்குக் குடிவந்தோம். தெருவில் மீன்கூடை போனாலே அம்மா ஜன்னலைச் சாத்துவாள். கல்லூரியில் தொடக் கூசுகிறேன் என்று எனக்கு வெட்கம். வீட்டிலோ எதையெல்லாம் தொட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்ல வெட்கம். வாசலிலேயே சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். ஏன் என்று அம்மா கேட்டதில்லை.

கடைசி ஆண்டில் எனக்கு வந்து வாய்த்த தலைப்பு, நண்டு முட்டைக்குள் கரு எப்படி வளர்கிறது என்பது. என் கூடப் படித்த ஒரு பெண்ணின் அப்பா கடலுக்குப் போகிறவர். ஒரு நாள் அவர் வலையில் உயிரோடு ஒரு சினை நண்டு கிடைக்க, அவள் அதை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நண்டு, கோழியைப் போல முட்டையை இட்டுவிட்டு நகர்ந்துவிடுவதில்லை. அடிவயிற்று மடலுக்குக் கீழே கொத்தாக ஒட்டவைத்துக்கொண்டு, குஞ்சு வெளிவரும்வரை சுமந்து திரியும். முதலில் கொத்து முழுவதும் மஞ்சளாக இருக்கும். தினமும் சில முட்டைகளை ஊசி நுனியில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைப்பேன். ஆரம்பத்தில் முட்டைக்குள் மஞ்சள் கரு மட்டும்தான். பிறகு ஓர் ஓரம் மட்டும் தெளிந்தது. தெளிந்த இடத்தில் குஞ்சு தன்னைத்தானே கட்டிக்கொள்ள ஆரம்பித்தது. இரண்டு பிறைக் கீற்றுகள் தென்பட்டன, அவைதான் கண்கள். கண் கறுக்கக் கறுக்க வெளியே கொத்தும் பழுப்பாகி, கறுப்பை நோக்கிப் போனது. மஞ்சள் கரு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் அதற்குப் பக்கத்தில் ஏதோ துடித்தது. இதயம் என்று புரிந்ததும், பார்க்கக் கூடாத ஒன்றை எட்டிப் பார்த்துவிட்டதுபோல முகம் சூடாகி, மைக்ராஸ்கோப்பை விட்டு விலகிக்கொண்டேன். அன்றுதான் நண்டின்மேல் எனக்கிருந்த அருவருப்பு போனது.

திங்கட்கிழமை வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வருவதாகவும், அந்த இதயத் துடிப்பை நான் அவருக்குக் காட்ட வேண்டும் என்றும் எங்கள் மேடம் சொன்னார். நடுவில் விடுமுறை, லேபைப் பூட்டிவிடுவார்கள். வேறு வழியில்லாமல் நண்டை ஒரு அகலத் தொட்டியில், கடல் தண்ணீரோடு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அப்பா அந்தப் பக்கமே வரவில்லை. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு புறவாசலில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். பிறகு எட்டி நின்று பார்த்தாள். சனிக்கிழமை சாயங்காலம் தொட்டிக்குப் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏளா, வயித்தைப் பொத்திக்கிட்டுல்லா கெடக்கு. பிள்ளைத்தாச்சியா?"

"ஆமாம்மா. உள்ளே குஞ்சுக்கு நெஞ்சு அடிக்குது."

அதன்பிறகு அம்மா மூக்கைப் பொத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கேனை எடுத்துக்கொண்டு புதிதாகக் கடல் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா சிரித்த முகமாக நின்றாள்.

"எம்புட்டு நேரம் அந்த உப்புத் தண்ணியிலயே கெடக்கும், பாவம். நாறவேற செஞ்சுது. அதைக் கொட்டிட்டு நல்ல தண்ணி ஒரு கொடம் ஊத்தியிருக்கேன்."

எங்கள் தெருவில் குடிதண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த அன்று ராத்திரி வரிசையில் நின்று பிடித்து வைத்த தாமிரபரணித் தண்ணீர் அது. அப்பா முகம் கழுவக்கூட அம்மா அதில் ஒரு செம்பு தரமாட்டாள். ஆற்றங்கரையில் பிறந்தவளுக்கு, நல்ல தண்ணீர் ஒத்துக்கொள்ளாத உயிர் ஒன்று இருக்கும் என்று எப்படித் தோன்றும்? அவள் உள்ளே போனதும் அதைக் கொட்டிவிட்டுக் கடல் தண்ணீரை ஊற்றினேன். நண்டு ஒரு காலை லேசாக அசைத்தது. பிழைத்துக்கொள்ளும் என்று நம்ப அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

காலையில் நண்டு அசையவில்லை. இருந்தாலும் தூக்கிக்கொண்டு போனேன். பேராசிரியர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கண்கள் இருந்தன. இதயம் நின்றிருந்தது. முட்டைகள் ஊதி, உள்ளே கலங்கிப்போயிருந்தன. எந்தத் தண்ணீரில் வைத்தாய் என்று கேட்டார். அம்மா குடிதண்ணீர் ஊற்றிவிட்டாள் என்றேன். பின்னால் நின்ற வகுப்புப் பெண்களிடமிருந்து சிரிப்பு கிளம்பியது. அவர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அப்போது எனக்குக் கூசியதுபோல் என்றைக்கும் கூசியதில்லை. அம்மாவை அத்தனை பேர் நடுவில் நிறுத்திவிட்டதுபோல இருந்தது.

வீட்டில், குஞ்சு பொரித்துவிட்டது, கடலில் விட்டுவிட்டோம் என்று சொல்வதாக முடிவுசெய்திருந்தேன். ஆனால் நண்டு கொடுத்த தோழியும் அன்றைக்குக் கூடவே வந்தாள். வாசலிலேயே அம்மா கேட்டாள்: "ஏளா, குஞ்சு வந்துட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தோழி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்: "எங்க வர? கடல் நண்டுக்கு நல்ல தண்ணி ஊத்துனா செத்துல்லா போவும், அம்மா."

அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். தோழிக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அவள் போகும்வரை சிரித்த முகமாகவே இருந்தாள்.

பிறகு புறவாசலுக்குப் போய், காலித் தொட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"எறும்பைக்கூட மிதிக்காம நடக்கணும்னு வளத்தாவ என்னை." கை நிற்கவில்லை. "ஏளா, அதுக்குள்ள எத்தனை இருந்திருக்கும்?"

சினை நண்டு ஒன்று லட்சக்கணக்கில் முட்டை சுமக்கும்.

"கொஞ்சந்தாம்மா," என்றேன்.

"கொஞ்சம்னா?" என்றாள் அம்மா.