பிரேக் டீச்சர் வாங்கிய வண்டி

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளை அந்த ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் டீச்சர். முதுகுக்குப் பின்னால் பிரேக் டீச்சர். பயிற்சி வண்டியில் அவள் உட்காரும் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் அதை மிதித்து வண்டியை நிறுத்துவதுதான் அவள் பிழைப்பு. இருபது வருஷத்துக்கும் மேலாக மிதித்து மிதித்து, அவளுடைய வலது காலுக்கு ஓய்வு என்பதே மறந்துபோயிருந்தது. பஸ்ஸில் போனாலும் அது தரையை மிதிக்கும். அடுத்தவர் காரில் ஏறினால், முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்பே மிதிக்கும். தூக்கத்தில் போர்வையை எட்டி உதைக்கும்.

"ராத்திரி ரெண்டு தடவ பிரேக் போட்டே. யாரைக் காப்பாத்தினே?" என்று காலையில் கணவர் கேட்பார்.

கணவர் ஒரு நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஓட்டத் தெரியாது. பயிற்சிப் பள்ளி தொடங்கிய புதிதில் அவள் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். முதல் வளைவிலேயே வாய்த்தகராறு முற்றி, ஒரு வாரம் இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. டிரைவிங்கா குடும்பமா என்று யோசித்து, அவர் குடும்பமே போதும் என்று இருந்துவிட்டார்.

பள்ளி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஜெராக்ஸ் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒரு அறை. ஒரு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, வெயில் பட்டு வெளுத்துப்போன சாலைக்குறிப் படங்கள். வருகிறவர்கள் விதவிதம். எதிரே லாரி வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்பவர்கள், தெரிந்தவரைப் பார்த்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வணக்கம் சொல்பவர்கள், அவள் திட்டினால் மறுநாள் மாமனாரைக் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வருபவர்கள். எல்லோரும் ஓட்டக் கற்றுக்கொண்டு போனார்கள். அவள் மட்டும் பக்கத்து சீட்டிலேயே இருந்தாள்.

பயிற்சிக்குப் போகும் வழியில் ஒரு சிக்னல். அங்கே கண்ணாடிச் சுவருக்குள் ஒரு ஷோரூம். சிக்னல் விழுந்ததும் பதற்றத்தில் வண்டியை அணைத்துவிடாத மாணவர் அநேகமாகக் கிடையாது. பின்னால் ஹாரன் காதைப் பிளக்கும். "கிளட்ச்சை மெதுவா விடுங்க, ஒண்ணும் ஆகல, மெதுவா" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, கண் உள்ளே நிற்கும் வண்டிமேல் இருக்கும். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் வண்டி. வருஷத்துக்கு வருஷம் நிறம் மாறும், வடிவம் கொஞ்சம் மாறும். அந்த இரண்டு சீட் மட்டும் மாறாது. இதைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

ஒருநாள் ஒரு வங்கி மேலாளர், நல்ல படித்த மனுஷர், பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார். மருந்துக்கடைச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. நிறுத்தியது அவள் கால்தான். மேலாளர் முகம் வெளிறிப்போய், "சாரி டீச்சர், சாரி டீச்சர்" என்று புலம்பினார். அவள் திட்டவில்லை. திட்டுவதற்குத் தெம்பு இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"போதும்ங்க" என்றாள்.

"என்ன போதும்?"

"எல்லாந்தான்."

இரண்டு தெரு தள்ளி இருந்த பெரிய பயிற்சிப் பள்ளிக்காரர்கள் வெகுநாளாக இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அறையையும் வண்டிகளையும் அவர்களுக்கே விற்றாள். கைக்கு வந்த பணத்தையும் இத்தனை வருஷச் சேமிப்பையும் என்ன செய்யலாம் என்று மகள் முந்திக்கொண்டு யோசனை சொன்னாள். லிஃப்ட் உள்ள கட்டிடத்தில் வீடு, மருத்துவக் காப்பீடு, வங்கியில் வைப்பு. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அம்மா, தான் வாங்கப் போவது அந்த இரண்டு சீட் வண்டி என்று சொன்னபோது, மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா. இந்த வயசுல இது தேவையா?"

"உங்கம்மா இதுவரைக்கும் என்கிட்ட ஒரு புடவைகூட கேட்டதில்ல. நான் என்னத்தைச் சொல்றது?" என்று அவர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

ஷோரூமில் ஒரு இளைஞன் வாசல்வரை வந்து வரவேற்றான். ஓட்டிப் பார்க்க வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தினான். டீச்சர் நேராகப் போனாள், கதவைத் திறந்தாள், உட்கார்ந்தாள், பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். யாரும் வண்டியைக் கிளப்பவில்லை. விற்பனையாளன் வெளியே நின்று விழித்தான்.

"மேடம், ஓட்டப்போறது நீங்கதானே?"

அப்போதுதான் பார்த்தாள், பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கணவர் சுவர் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவளும் சிரித்தாள். இறங்கிச் சுற்றி வந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். விற்பனையாளன் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான்.

மாணவர்களுக்குச் சொல்வதைப் போலவே கண்ணாடிகளைச் சரிசெய்து, இருபுறமும் பார்த்து, பூப்போல ஓட்டினாள். கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்த விற்பனையாளன், "கொஞ்சம் அழுத்துங்க மேடம். வண்டி கோவிச்சுக்கும்" என்றான். அழுத்தினாள். முதுகை யாரோ பின்னாலிருந்து இழுத்துச் சீட்டோடு ஒட்டவைத்ததுபோல் இருந்தது. அவன் கால் தரையை மிதித்ததை ஓரக்கண்ணால் பார்த்தாள். அன்றே முன்பணம் கட்டிவிட்டாள். நிறம் மஞ்சள்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரம் அவள் நடமாட்டமே மாறிப்போனது. குப்பை கொட்டப் போகிறேன் என்று கீழே போவாள், குப்பைக் கூடை கையிலிருக்க வண்டியைச் சுற்றி வருவாள். உள்ளே உட்கார்ந்து தோல் சீட்டின் புது வாசனையை மூக்கு நிறைய இழுத்துக்கொள்வாள். ஒருமுறை கிளப்பினாள். எஞ்சின் உறுமிய உறுமலில் பக்கத்து வீட்டுக்காரர் காரின் அலாரம் அலறத் தொடங்கியது. அவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "டீச்சரா? நான் யாரோன்னு நினைச்சேன்" என்றார்.

மற்றபடி அந்த வண்டியை வைத்துக்கொள்வது லேசுப்பட்ட காரியமாக இல்லை. அதில் ஏறுவதென்றால் உட்காருவதல்ல, விழுவது. இறங்குவதற்கு ஒரு கையால் கதவையும் ஒரு கையால் கடவுளையும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வேகத்தடையையும் கோணலாக ஏறி இறங்கவேண்டும். அப்படியும் அடிப்பாகம் உரசினால் அவள் அடிவயிறே உரசிய மாதிரி இருக்கும். ஊருக்குள்ளோ, பறக்கவென்று செய்த வண்டி தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தது. பயிற்சி வண்டியில் போன அதே வேகம்தான். வீட்டுக்கு வந்தால் இடுப்பு விட்டுப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். வண்டியைப் பார்த்ததும் அவர் முகத்தில் பத்து வயசு குறைந்தது.

"அத்தை, ஒரே ஒரு ரவுண்டு. நீங்களும் கூட வாங்க."

மறுக்க முடியவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை நன்றாகத்தான் ஓட்டினார். கண், கை, கால் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் முதல் திருப்பத்திலேயே அவள் கால் தரையைத் தேடியது. அடுத்த சந்தில் ஒரு சைக்கிள் வந்தது, கால் மிதித்தது. அங்கே மிதிக்க எதுவும் இல்லை. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"நிறுத்துங்க மாப்பிள்ளை."

"என்ன அத்தை, தப்பா ஓட்டிட்டேனா?"

"இல்ல. நீங்க நல்லாத்தான் ஓட்டுறீங்க. எனக்குத்தான் இனிமே இந்த சீட்டுல உட்கார முடியாது."

அவருக்குப் புரியவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்கு மாறினார். மத்தியானச் சாப்பாட்டில் மறுசோறு வேண்டாமென்று எழுந்துவிட்டார். கிளம்பும்போது மகள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் பொறுமையா சொல்லிக் கொடுத்தே. வீட்டு மனுஷனை பத்து நிமிஷம் நம்ப முடியல இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இரண்டு நாள் வண்டியின் உறையைக்கூட டீச்சர் விலக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கணவர் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"வா, எங்கேயாவது போயிட்டு வரலாம்."

"எங்க?"

"எனக்கென்ன தெரியும்? ஓட்டுறவ நீதானே?"

விமான நிலையத்துக்குப் புதிதாகப் போட்ட நெடுஞ்சாலைக்குப் போனார்கள். வெயில் உக்கிரமாக இருந்ததால் ஆள் நடமாட்டமே இல்லை. சாலை நூல் பிடித்தாற்போல் நீண்டு கிடந்தது. அவள் கொஞ்சம் அழுத்தினாள், பிறகு இன்னும் கொஞ்சம். எஞ்சினின் குரல் மாறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் பாட்டைப்போல் ஒரே சீராக நின்றது. ஓரத்து விளக்குக் கம்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யாருடைய கையையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் நினைத்தது எதுவோ அதை வண்டி செய்தது, அவ்வளவுதான். உடம்பில் எங்கெங்கோ முடிச்சுப் போட்டிருந்தவை ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. ஏனென்று தெரியாமல் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்க ஒரு கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே விட்டாள்.

சுங்கச்சாவடி வந்தது, வேகம் குறைந்தது. எல்லாம் சேர்த்து ஒரு தேநீர் ஆறும் நேரம் இருந்திருக்கும்.

திரும்பிப் பார்த்தால் கணவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க! இவ்வளவு வேகமா வந்திருக்கேன், தூங்குறீங்களே?"

அவர் கண்ணைக் கசக்கினார். "நீ ஓட்டுறியேன்னு நிம்மதியா கண்ணை மூடினேன். அது குத்தமா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் பயந்திருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள். தூங்கியவர் இவர் ஒருவர்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனுஷர் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

மகளின் கோபம் ஒரு மாசத்தில் தணிந்தது. மாப்பிள்ளை தனியாகவே ஓட்டிவரட்டும் என்று டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டாள். அவர் போய்வரும் வரை மாடியில் உட்கார்ந்து துணி மடித்தாள். கால் சும்மா கிடந்தது.

இப்போதும் வாரத்தில் ஒருநாள் அந்தச் சாலைக்குப் போய்வருகிறாள். திரும்பிவந்து இறங்கும்போது இடுப்பு முன்னைவிட அதிகமாகவே முரண்டு பிடிக்கிறது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படங்களைப் பார்த்துவிட்டு, முதல் வேலையாக அந்த வண்டியை விற்றுவிட்டு உயரமான வண்டி வாங்குங்கள் என்றார். டீச்சர் டாக்டரை மாற்றிவிட்டாள். புது டாக்டரும் அதையேதான் சொன்னார். ஆனால் சொல்வதற்கு முன்னால் கீழே இறங்கிவந்து வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டபடி சொன்னார். அவரிடமே வைத்தியம் தொடர்கிறது.