எல்லைக்காக ஓர் உபவாசம்

எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்திலேயே இருக்குமா, ஆந்திராவோடு சேருமா என்று இன்னும் முடிவாகவில்லை. சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் திருச்சபை நடத்தும் பள்ளியில் நான் தமிழ் ஆசிரியை. ஆந்திரா என்றாகிவிட்டால் தமிழ் வகுப்பை மூடிவிடுவார்களோ என்று பயந்து, நல்ல முடிவு வரும்வரை சாப்பிடுவதில்லை என்று யாருக்கும் சொல்லாமல் உபவாச ஜெபம் தொடங்கிவிட்டேன்.

இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்தான். அடுத்த நாள் காலை கிணற்றில் நீர் சேந்தும்போது கண் இருட்டியது. உள்ளே விழ இருந்த என்னைப் பின்னாலிருந்து இழுத்துப் போட்டவர், எங்கள் சபையின் தெலுங்குக்கார அம்மாள் கருணம்மா.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது! துன்னாம எதுக்கும்மா இப்டி செத்துக்கினு கீற?"

காரணத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். தன் வீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு சொம்புக் கூழை நீட்டினார்.

"நான் ஊரு ஆந்திராவோட சேரட்டும்னு ஜெபம் பண்ணிக்கினு கீறேன். தேவுடு ரெண்டு பேரையும் கேட்டுக்கினுதான் கீறாரு. அவருக்கே நீ கெடு வெக்கிறியா? மொதல்ல இந்தக் கூழக் குடி, டீச்சரம்மா!"

குடித்தேன். நான் ஜெபித்தது விசுவாசத்தால் அல்ல, பயத்தால் என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போதும் பத்திரிகை வந்தால் முதலில் ஓடுவது நான்தான். ஆனால் காலையில் வயிறாரச் சாப்பிட்டு, அன்றைய வகுப்புக்கு வேண்டிய பலத்தைக் கேட்டு ஜெபிக்கிறேன். எப்படியும் மூடப்போகிறார்களே என்று சேர்க்காமல் வைத்திருந்த சின்னப் பிள்ளைகளை இந்த வாரம் சேர்த்துக்கொண்டேன். நேற்று அவர்கள் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்தேன்.